கட்டுமரம் முதல் அம்பாப் பாட்டு வரை: ஊரின் கடல் மரபைக் காக்க நினைப்பவர்களின் கேள்விகளும் பதில்களும்

பழவேற்காட்டிலிருந்து கன்னியாகுமரி வரையுள்ள மீனவ ஊர்களில் இளைஞர் மன்றங்களும் ஊர்ப் பஞ்சாயத்துகளும் பள்ளி ஆசிரியர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறோம். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பிறகு, நிவாரணமாக வந்த ஃபைபர் படகுகள் மிகக் குறுகிய காலத்தில் கட்டுமரத்தின் இடத்தைப் பிடித்துக்கொண்டன. மரம் பார்த்து வாங்கி, செதுக்கி, கட்டி, பாய் விரித்து ஓட்டத் தெரிந்தவர்களில் பெரும்பாலோர் இன்று அறுபதைத் தாண்டியவர்கள். வேலையை இப்போதே தொடங்கினால்தான் உண்டு.

எதிலிருந்து தொடங்குவது? பழைய பொருள்களைச் சேகரிப்பதிலிருந்தா?

பொருளுக்கு அவசரம் இல்லை. முதலில் ஆள்களைத் தேடுங்கள். ஒரு நோட்டை எடுத்து, ஊரில் யாருக்கு என்ன தெரியும் என்று எழுதுங்கள்: மரம் கட்டுபவர், வலை பின்னுபவர், பாய் தைத்தவர், வாச்சியும் உளியும் வைத்திருக்கும் ஆசாரி, வலை இழுக்கும்போது பாடும் அம்பாவை எடுத்துப் பாடுபவர், காற்றைப் பார்த்து நாளை கடல் எப்படி இருக்கும் என்று சொல்பவர், கருவாடு போடுவதில் பேர்பெற்ற பாட்டி. ஒவ்வொரு பெயருக்கும் எதிரே வயதையும் உடல்நிலையையும் குறித்துக்கொள்ளுங்கள். பதிவு செய்ய வேண்டிய வரிசையை அதுதான் முடிவு செய்யும். காது மங்கத் தொடங்கியவரையும் நெஞ்சுவலி வந்தவரையும் முதலில் போய்ப் பாருங்கள்.

பஞ்சாயத்திடம் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. இல்லாவிட்டால் மூன்றாம் நாளே "இதை எந்த கம்பெனிக்கு எடுக்கிறீர்கள்?" என்ற கேள்வி வரும், அது நியாயமான கேள்வியும்கூட. எடுத்ததெல்லாம் எங்கே இருக்கும், யார் கேட்டால் கொடுக்கப்படும் என்பதை எழுதி, பஞ்சாயத்துக் கூட்டத்தில் வாசித்துக் காட்டுங்கள்.

எந்த நேரம் என்பதும் முக்கியம். விடியற்காலை மீன் இறங்கும்போது யாரும் பேசமாட்டார்கள். பிற்பகலில் நிழலில் உட்கார்ந்து வலை சீர்செய்யும் நேரம்தான் நல்லது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை கடல் மோசமாக இருக்கும் நாள்களில் நிறைய பேர் வீட்டில் இருப்பார்கள். கத்தோலிக்க ஊர்களில் ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போவதில்லை என்பதால் பூசை முடிந்த பிறகு நேரம் கிடைக்கும்.

எங்கள் ஊரில் ஒரு கட்டுமரம்கூட இல்லை. ஃபைபர் படகும் இன்ஜினும்தான். காக்க என்ன இருக்கிறது?

நிறையவே இருக்கிறது. ஃபைபர் படகை அலைவாயில், அதாவது கரையோரம் அலை உடையும் இடத்தில், இறக்குகிறவர் அலையை எண்ணிப் பார்த்து இடைவெளியில் ஓட்டுவது கட்டுமரக் காலத்துக் கல்விதான். எந்த மாதம் எந்த வலை, வலைக்கண் எத்தனை விரல் அகலம், பிடித்த மீனில் படகுக்கு எத்தனை பங்கு, வலைக்கு எத்தனை, இன்ஜினுக்கு எத்தனை, கடலுக்கு வர முடியாத வயதானவருக்கு என்ன, ஏலம் எப்படி விடுவது என்று எல்லாமே மரபுதான். இவற்றில் பங்குக் கணக்குதான் வேகமாக மாறிக்கொண்டிருக்கிறது. அதை முதலில் எழுதி வையுங்கள்.

பழைய கட்டுமரம் ஒன்று கிடைத்திருக்கிறது. எப்படிப் பாதுகாப்பது?

பெரும்பாலான ஊர்களில் நடப்பது இதுதான்: மரத்தை அப்படியே கொண்டுவந்து, சிமெண்ட் மேடை கட்டி அதன்மேல் பதித்து, எனாமல் பெயிண்ட் அடித்து, திறப்பு விழா நடத்துவார்கள். சில மழைக்காலங்களில் அடிப்பக்கம் மக்கிப்போய், உளி வைத்தால் உள்ளே இறங்கும்.

காரணம் மரத்தின் தன்மையிலேயே இருக்கிறது. கட்டுமரத்துக்கு மலைவேம்பு, அல்பீசியா போன்ற லேசான மரத்தைத்தான் எடுப்பார்கள். அது மிதக்கும், ஆனால் தண்ணீரை வேகமாகக் குடிக்கும். அதனால்தான் தொழில் முடிந்து கரைக்கு வந்ததும் கயிற்றை அவிழ்த்து, மரங்களைத் தனித்தனியாகப் பிரித்து வெயிலில் காயப்போட்டார்கள். கட்டியபடியே நிரந்தரமாக வைத்தால் மரத்துக்கும் மரத்துக்கும் இடையே ஈரம் தங்கி அழுகல் பிடிக்கும். கட்டுமரம் அவிழ்த்துக் கட்டுவதற்காகச் செய்த கலம். காட்சியில் வைத்தாலும் அப்படியே நடத்துங்கள்.

செய்யவேண்டிய வரிசை:

முதலில், அவிழ்ப்பதற்கு முன் கட்டுகளை எல்லாப் பக்கத்திலிருந்தும் படம் எடுங்கள். கட்டத் தெரிந்த ஒருவர் அவிழ்ப்பதை முழுக்க வீடியோ எடுங்கள். கயிறு எந்தப் பக்கத்தில் தொடங்கி, எத்தனை சுற்று சுற்றி, எங்கே முடிகிறது என்பது அவிழ்க்கும்போதுதான் தெரியும்.

ஒவ்வொரு மரத்துக்கும் எண் கொடுங்கள். சாக்பீஸ் அழிந்துவிடும், ஆணி அடித்தால் துரு இறங்கி மரம் கறுக்கும். சிறிய அலுமினியத் தகட்டில் எண்ணைக் கீறி, நூலால் கட்டுங்கள். அணியப் பக்கம் (முன்முனை) எது, மேல்புறம் எது என்பதையும் அதிலேயே குறியுங்கள்.

பிறகு நல்ல தண்ணீரில் கழுவுங்கள். இரண்டு மூன்று வாரத்தில் மூன்று நான்கு முறை கழுவலாம். மரத்தில் ஊறிய உப்பு காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்து, இரவெல்லாம் மரத்தை நனைத்தே வைத்திருக்கும். காயும்போது படிகமாகி நாரைப் பிளக்கும். கழுவிய பிறகு நிழலில், காற்றோட்டத்தில் மெதுவாகக் காயவிடுங்கள். நேர்வெயிலில் ஒரே மூச்சில் காயப்போட்டால் முனைகளில் வெடிப்பு விழும். வெடிப்பு விழுந்தால்கூட தினமும் கடலுக்குப் போகிற மரம் அடுத்த நாள் மறுபடி ஊறிவிடும். காட்சி மரத்துக்கு அந்த வாய்ப்பு இல்லை.

நன்றாகக் காய்ந்த பின் பூச்சிக்கும் பூஞ்சைக்கும் போரிக் அமிலமும் வெண்காரமும் (போராக்ஸ்) கலந்த கரைசலைப் பூசலாம். 20 லிட்டர் வெந்நீருக்கு 400 கிராம் போரிக் அமிலம், 600 கிராம் வெண்காரம். தூரிகையால் மூன்று பூச்சு, ஒவ்வொன்றுக்கும் ஒரு நாள் இடைவெளி. வெட்டுமுனைகள் அதிகம் குடிக்கும், அங்கே இன்னொரு பூச்சு கொடுங்கள். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், மீந்த கரைசலைக் குழந்தைகள் கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். மழையில் நனைந்தால் இந்த மருந்து கரைந்து போய்விடும். ஆகவே கூரை இல்லாமல் இதைச் செய்வது வீண்.

கடைசியாக இடம். நான்கு பக்கமும் திறந்த கொட்டகை போதும். மரங்கள் தரையில் படக்கூடாது. குறைந்தது ஒரு அடி உயரத்தில் மூன்று தாங்குகட்டைகள், கட்டைக்கும் மரத்துக்கும் இடையே ரப்பர் துண்டு. கால்களில் கரையான் ஏறுகிறதா என்று மாதம் ஒரு முறை பாருங்கள். புயல் எச்சரிக்கை வந்தால் மரங்களைக் கயிற்றால் தரையோடு இழுத்துக் கட்டுங்கள். லேசான மரம் என்பதால் காற்று தூக்கிவிடும்.

பெயிண்ட், வார்னிஷ், ஃபைபர் பூச்சு: எது நல்லது?

எதுவும் வேண்டாம். மூன்றுமே உள்ளே இருக்கிற ஈரத்தை வெளியே விடாமல் அடைத்துவிடும். ஃபைபர் பூச்சுதான் மூன்றிலும் மோசம்: வெளியே பளபளப்பாகவும் உள்ளே தூளாகவும் இருக்கும். பூச்சு ஏற்கெனவே இருக்கும் மரம் என்றால் அதை உரிப்பதற்கு முன் அருங்காட்சியகத்தில் மரப் பாதுகாப்பு செய்பவரிடம் ஒருமுறை காட்டுங்கள்.

புதிதாக ஒரு கட்டுமரம் செய்து பார்க்க முடியுமா?

முடியும். ஒரு ஊர் செய்யக்கூடிய மிகச் சிறந்த பாதுகாப்பு வேலையும் இதுதான், ஏனென்றால் பத்துப் பேருக்குக் கைவேலை வந்துவிடும். சோழமண்டலக் கரையில் சிறியவை மூன்று மரம், வழக்கமானவை நான்கு ஐந்து. கோலா என்னும் பறக்கும் மீனுக்காக வெகுதூரம் போன பெரிய கோலா மரம் ஏழு. பயிற்சிக்கு மூன்று மரமே போதும்.

மரம் வாங்குவதில் தவறினால் எல்லாம் தவறும். நேராக மட்டுமே இருக்கும் மரத்தைப் பார்க்காதீர்கள். முனை சற்று மேல்நோக்கி வளைந்திருப்பதைத்தான் பெரியவர்கள் தேடுவார்கள், அலையில் ஏறுவதற்கு அணியம் உயர வேண்டும். கணுக்கள் அதிகமுள்ள மரத்தில் செதுக்குவது கடினம், வெடிப்பும் அங்கேதான் தொடங்கும். வெட்டி வந்த மரத்தைப் பட்டை உரித்து, நிழலில் காயவைத்து, எடை குறைந்த பிறகே செதுக்க வேண்டும். பச்சை மரத்தில் செய்த கலம் பாரமாகவே இருக்கும்.

நடுமரம் சற்றுத் தாழவும் பக்க மரங்கள் உயரவும் அமைந்தால்தான் ஆள் உட்கார ஒரு பள்ளம் கிடைக்கும். முன்னும் பின்னும் குறுக்குக்கட்டை வைத்து, தேங்காய் நார்க் கயிற்றால் இரண்டு இடங்களில் இறுக்குவார்கள். இடையில் எந்த ஆணியும் இல்லை. அலை மேலே விழுந்தாலும் தண்ணீர் மரங்களின் இடைவெளி வழியாக இறங்கிவிடும் என்பதால் இதை மூழ்கடிக்க முடியாது. துறைமுகமோ கழிமுகமோ இல்லாமல் நேராக அலையடிக்கும் கரையில் இந்தக் கலம் இத்தனை காலம் நிலைத்ததற்குக் காரணம் அதுதான்.

கயிறு பற்றி ஒரு வார்த்தை. கடலுக்குப் போகும் மரங்களில் நைலான் கயிறு வந்து வெகுநாளாகிவிட்டது. தொழிலுக்கு அது சரி. கற்றுக்கொடுக்கும்போது மட்டும் நார்க்கயிறையே பயன்படுத்துங்கள். நைலான் வழுக்கும், இழுபடும். அதில் போடும் முடிச்சு வேறு, இறுக்கும் முறை வேறு. நார்க்கயிறு வெயிலில் விரைவில் நைந்துவிடும் என்பதும் ஒரு வசதிதான்: ஆண்டுக்கு ஒருமுறை திருவிழா நாளில் புதுக்கயிறு போட்டுக் கட்டுவதை வழக்கமாக்கினால், ஒவ்வோர் ஆண்டும் புதிதாக நான்கு பேர் கற்றுக்கொள்வார்கள்.

வள்ளம், வத்தை, தோணி போன்ற பலகைக் கலங்களை எப்படி அளந்து வரைவது?

பாக் நீரிணைப் பக்கத்து வத்தை, தூத்துக்குடித் தோணி, பலகைகளைக் கயிற்றால் தைத்த மசூலா என்று ஒவ்வொன்றுக்கும் வடிவம் வேறு. சென்னை மாகாண மீன்துறையில் பணியாற்றிய ஜேம்ஸ் ஹார்னெல் 1920-இல் இந்தக் கரையின் கலங்களைப் பற்றி விரிவாக எழுதினார். அவர் பார்த்தவற்றில் சில இன்று படத்தில் மட்டுமே மிஞ்சியிருக்கின்றன. இருப்பதையாவது சரியாக அளந்து வைப்போம்.

தேவையானவை: 30 மீட்டர் நாடா, நைலான் நூல், தூக்குக்குண்டு, கொத்தனார்கள் வைத்திருக்கும் தண்ணீர் மட்டக் குழாய், வரைபடத் தாள், மூன்று பேர். கலத்தை அசையாமல் முட்டுக்கொடுத்து நிறுத்துங்கள். அணியத்திலிருந்து பின்பக்கம் வரை நடுவே மட்டமாக ஒரு நூல் கட்டுங்கள். அந்த நூலில் 50 சென்டிமீட்டருக்கு ஒரு குறி. முனைகளில் வளைவு வேகமாக மாறுவதால் அங்கே 25 சென்டிமீட்டருக்கு ஒன்று. ஒவ்வொரு குறியிலும் தூக்குக்குண்டை இறக்கி, அங்கிருந்து பலகை எவ்வளவு தள்ளியிருக்கிறது என்று பல உயரங்களில் அளந்து, மில்லிமீட்டரில் எழுதுங்கள்.

எல்லோரும் செய்யும் தவறு, ஒரு பக்கத்தை மட்டும் அளந்து மறுபக்கமும் அப்படித்தான் என்று வரைந்துவிடுவது. பழைய கலம் முறுக்கியிருக்கும். புதியதுகூட இரு பக்கமும் ஒன்றாக இருக்காது. இரண்டு பக்கமும் அளங்கள். இன்னொன்று: ஆசாரி மீட்டரில் யோசிப்பதில்லை. சாண், முழம், விரல் கணக்கில் அவர் சொல்லும் விகிதத்தை, "இத்தனை முழ நீளத்துக்கு இத்தனை சாண் அகலம்" என்பதை, அவர் சொன்னபடியே எழுதுங்கள். அதுதான் உண்மையான வரைபடம்.

பலகை இணைப்பில் கலப்பத்து பார்த்திருந்தால், அதாவது தண்ணீர் புகாமல் இடைவெளியை அடைத்திருந்தால், இடையில் திணித்தது பஞ்சா நாரா, மேலே பூசியது குங்கிலியமா வேறு ஏதாவதா என்று கேட்டு எழுதுங்கள்.

செல்போனில் முப்பரிமாணப் படம் எடுக்க விரும்பினால் மேகமூட்டமான நாளில் எடுங்கள். இடுப்பு உயரம், தோள் உயரம், தலைக்கு மேல் என மூன்று சுற்று. ஒவ்வொரு படமும் முந்தைய படத்தோடு மூன்றில் இரண்டு பங்கு ஒத்துப்போக வேண்டும். ஈரமான பலகையும் வெள்ளை ஃபைபரும் பளபளப்பதால் கணினி குழம்பிவிடும். அளவுகோல் ஒன்றைக் கலத்தின் பக்கத்தில் வைக்க மறந்தால் படம் அழகாக இருக்கும், ஆனால் அளவு தெரியாது.

பெரியவர்களிடம் பேசிப் பதிவு செய்வதில் என்ன கவனிக்க வேண்டும்?

கடற்கரையில் முதல் எதிரி காற்று. செல்போனின் ஒலிவாங்கியில் காற்று பட்டால் முழுப் பேச்சும் இரைச்சலாகிவிடும். சட்டையில் மாட்டும் சிறு மைக் ஒன்றும் அதன்மேல் மயிருறையும் போதும். கவிழ்த்து வைத்த படகின் காற்றுப்படாத பக்கத்தில் உட்காருங்கள். வீட்டில் எடுத்தால் மின்விசிறி, டிவி, ஃபிரிட்ஜ் மூன்றையும் நிறுத்துங்கள். வேவ் வடிவில், 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் தரத்தில் எடுங்கள். எம்பி3 பின்னால் தேவையென்றால் செய்துகொள்ளலாம்.

பதிவின் தொடக்கத்தில் நாள், ஊர், பேசுபவர், கேட்பவர் ஆகியவற்றைக் குரலிலேயே சொல்லுங்கள். சம்மதத்தை மூன்று தனிக் கேள்விகளாகக் கேளுங்கள்: பதிவு செய்யலாமா, ஊருக்குள் போட்டுக் காட்டலாமா, இணையத்தில் வைக்கலாமா. மூன்றுக்கும் ஒரே பதில் வராது. பிறகு மனம் மாறினாலும் எடுத்துவிடுவோம் என்று சொல்லுங்கள், சொன்னபடி செய்யுங்கள்.

"அந்தக் காலத்தில் எப்படி இருந்தது, தாத்தா?" என்று கேட்டால் "நல்லா இருந்துச்சு" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். கையில் ஒரு பொருளைக் கொடுங்கள். ஒரு துண்டு வலையைக் கொடுத்து, "இந்த ஓரத்தில் மட்டும் ஏன் கண் பெரிதாக இருக்கிறது?" என்று கேட்டால் அரைமணி நேரம் பேசுவார், கையும் வேலை செய்யும். அந்தக் கையைப் படமெடுங்கள், முகத்தை மட்டும் அல்ல. பருத்தி வலைக்குப் பனிச்சங்காய்ச் சாறு ஏற்றியது, நைலான் வந்ததும் அந்த வேலை நின்றது போன்ற செய்திகள் இப்படித்தான் கிடைக்கும்.

ஒரு அமர்வு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். எழுத்தாக்குவதற்கு அதைப்போல ஆறு ஏழு மடங்கு நேரம் ஆகும், அதைக் கணக்கில் வைத்துத் திட்டமிடுங்கள். எழுதும்போது பேச்சைத் திருத்தாதீர்கள். அவர் "தொளவ" என்று சொன்னதை "துடுப்பு" என்று மாற்றினால், காக்க வந்ததையே அழித்தவராவீர்கள்.

அம்பாப் பாட்டை எப்படிப் பதிவு செய்வது?

வேலையோடு சேர்த்து. நாற்காலியில் உட்காரவைத்துப் பாடச் சொன்னால் வேகமும் மூச்சும் மாறிவிடும். கரைவலை இழுக்கும்போது ஒருவர் எடுத்துக்கொடுக்க, மற்றவர்கள் "ஏலேலோ", "ஐலசா" என்று வாங்குவார்கள். மீன் சேரும் வலைப்பையான மடி கரையை நெருங்க நெருங்க அடி குறுகும். மடி ஏறும் நேரத்துக் குரல் தொடக்கத்துக் குரலிலிருந்து முற்றிலும் வேறு. எனவே முதல் இழுப்பிலிருந்து மீன் கொட்டும்வரை நிறுத்தாமல் எடுங்கள். எடுத்துக்கொடுப்பவர் பக்கத்தில் ஒரு மைக், கயிற்றின் மறுகையில் ஒன்று என இரண்டு வையுங்கள். இப்போது கரைவலை இல்லாத ஊரில், படகைக் கரையேற்றித் தள்ளும்போதாவது பாடச் சொல்லிப் பாருங்கள்.

சில வரிகள் கிண்டலாக, பச்சையாக இருக்கும். வெட்டாமல் பதிவு செய்யுங்கள். வெளியிடும்போது எதை விடுவது என்பதைப் பாடியவரே முடிவு செய்யட்டும்.

காற்று, நீரோட்டம், நட்சத்திரம் பற்றிய அறிவை எழுதும்போது ஏன் குழப்பம் வருகிறது?

பெயர் ஒன்றாகவும் திசை வேறாகவும் இருப்பதால். இலக்கியத்தில் கிழக்குக் காற்று கொண்டல், தெற்குக் காற்று தென்றல், மேற்குக் காற்று கோடை, வடக்குக் காற்று வாடை. கடற்கரையில் இந்த ஒழுங்கு அப்படியே நிற்பதில்லை. கச்சான் ஓரிடத்தில் மேற்குக் காற்று, இன்னோரிடத்தில் தென்மேற்கு. சோழகம் ஓரிடத்தில் தெற்கு, யாழ்ப்பாணப் பக்கம் தென்மேற்கு. ஆகவே பெயரை மட்டும் எழுதினால் பயன் இல்லை. மணலில் கரையை ஒரு கோடாக வரைந்து, அந்தக் காற்று எங்கிருந்து வருகிறது என்று குச்சியால் அம்பு போடச் சொல்லி, அதைப் படமெடுங்கள். செல்போன் திசைகாட்டியில் கோணத்தையும் குறியுங்கள். பிறகு எந்த மாதம், நாளில் எந்த நேரம், அப்போது கடலின் நிறம் என்ன, எந்த மீன் வரும், எந்த வலை போகும் என்று கேளுங்கள்.

நீரோட்டத்துக்கும் இதே முறைதான். வங்கக் கடலோர நீரோட்டம் ஆண்டில் இருமுறை திசை மாறும். பிப்ரவரி தொடங்கி வேனிலில் வடக்கு நோக்கியும், வடகிழக்குப் பருவத்தில் தெற்கு நோக்கியும் ஓடும். பெரியவர்கள் சொல்லும் பெயர்களை இந்த மாதங்களோடு ஒட்டிப் பார்த்தால் குழப்பம் தீரும். மேல்நீர் ஒரு பக்கமும் அடிநீர் இன்னொரு பக்கமும் ஓடும் நாள்களுக்குத் தனிப்பெயர் இருக்கிறதா என்றும் கேளுங்கள்.

நட்சத்திரங்களைப் பகலில் கேட்டால் பெயர் மட்டுமே கிடைக்கும். விடியற்காலை நான்கு மணிக்குக் கரையில் அவரையே கைகாட்டச் சொல்லி, ஸ்டெல்லேரியம் போன்ற இலவசச் செயலியில் அது எது என்று பார்த்து, நாளையும் நேரத்தையும் எழுதுங்கள். துருவ நட்சத்திரம் குமரிமுனையில் தொடுவானிலிருந்து ஏறத்தாழ 8 டிகிரியிலும் சென்னையில் 13 டிகிரியிலும் நிற்கும். கரையில் தென்னையோ கட்டடமோ இருந்தால் மறைந்துவிடும், கடலுக்குள் போனால்தான் தெளிவாகத் தெரியும்.

மீன்கிடைக்கும் பார்களின் (கடலடிப் பாறைத் திட்டுகளின்) இடத்தை வரைபடத்தில் போடலாமா?

வெளியிடவே கூடாது. கரையில் கோயில் கோபுரம், மணிக்கூண்டு, மலை, பனை என்று இரண்டு இரண்டு அடையாளங்களை ஒரே கோட்டில் சேர்த்து, இரண்டு கோடுகள் வெட்டும் இடத்தில் பார் இருப்பதைக் கண்டுபிடிக்கும் முறையை எழுதுங்கள். ஆழத்தைப் பாகக் கணக்கில் சொல்வதை எழுதுங்கள். கை விரித்த அளவான ஒரு பாகம் சுமார் ஆறு அடி. ஆனால் குறிப்பிட்ட பாரின் ஜிபிஎஸ் எண் இணையத்துக்குப் போனால், அடுத்த வாரமே விசைப்படகின் மடி அங்கே இறங்கும். தலைமுறைகள் காத்த பாரை நாமே காட்டிக்கொடுத்ததாகிவிடும். அந்தப் பகுதியைத் தனிக் கோப்பாக்கி, பஞ்சாயத்தின் பொறுப்பில் மட்டும் வையுங்கள்.

மீன் பெயர்ப் பட்டியல் எப்படித் தயாரிப்பது?

படம் இல்லாத பட்டியல் பயன்படாது. சென்னையில் வஞ்சிரம் என்பது குமரியில் நெய்மீன், யாழ்ப்பாணத்தில் அறுக்குளா. சில மீன்களுக்குக் குஞ்சாக இருக்கும்போது ஒரு பெயர், வளர்ந்த பின் வேறு பெயர். மீனை இடப்பக்கம் தலை வருமாறு கிடத்தி, அளவுகோல் வைத்து, பிடித்தவுடன் எடுங்கள். ஐஸில் வைத்தால் நிறம் போய்விடும். அறிவியல் பெயருக்கு மண்டபம், தூத்துக்குடி, சென்னையில் உள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலைய அலுவலகங்களை அணுகலாம்.

பெண்களின் அறிவை ஏன் யாரும் எழுதுவதில்லை?

கேட்பவர்கள் கடலைப் பார்த்தே நிற்பதால். கரையில் மீன் இறங்கிய பிறகு நடப்பதெல்லாம் பெண்கள் கையில் இருக்கிறது: ஏலத்தில் கண்ணால் எடை போடுவது, எந்தச் சந்தைக்கு எந்த மீன், யாருக்குக் கடன் கொடுக்கலாம் என்ற கணக்கு. கருவாட்டுக்கு உப்பு எவ்வளவு என்று கேட்டால் "கைக்கணக்கு" என்பார்கள். அந்தக் கையளவைத் தராசில் போட்டு எழுதுங்கள். நெத்திலியை உப்பில்லாமல் மணலில் காயப்போடுவதற்கும் பெரிய மீனைக் கீறி உப்புத் திணிப்பதற்கும் வேறுபாடு, மேகம் கூடினால் என்ன செய்வது, புழு வைத்தால் எப்படித் தெரியும் என்று கேட்டு எழுதுங்கள். கழிமுகத்தில் கையால் இறால் தடவிப் பிடிப்பவர்களும், மன்னார் வளைகுடாத் தீவுகளைச் சுற்றிப் பாசி எடுப்பவர்களும் தண்ணீரைப் பற்றிச் சொல்வது படகில் போகிறவர்களுக்குத் தெரியாதது. பெண்களிடம் பெண்களே போய்க் கேட்பது நல்லது. சந்தை முடிந்த நேரத்தில் போங்கள்.

வலையில் பழைய நங்கூரம், பானை, பீரங்கி போன்றவை சிக்கினால்?

முதலில், இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். இடம் தெரியாத பொருளுக்கு வரலாறு பாதிதான். அடுத்து, காயவிடாதீர்கள். கடலடியில் நெடுங்காலம் கிடந்த மரம் காய்ந்தால் சுருங்கி நொறுங்கும். மண்பானை உப்புப் பூத்து மேல்தோல் உரியும். இரும்பு சில நாளிலேயே அடுக்கடுக்காகப் பெயரும். மரத்தையும் பானையையும் நல்ல தண்ணீர்த் தொட்டியில் முழுக்க மூழ்கவைத்து, வெயில் படாமல் மூடி, வாரம் ஒருமுறை தண்ணீர் மாற்றுங்கள். இரும்புக்கு லிட்டருக்கு 50 கிராம் சலவைச் சோடா கரைத்த தண்ணீர். தொட்டி பிளாஸ்டிக்காக இருக்கட்டும். மேலே ஒட்டியிருக்கும் சுண்ணாம்பு ஓட்டைச் சுத்தியலால் தட்டாதீர்கள், பொருளின் வடிவம் அதில்தான் இருக்கும்.

இது தற்காலிக ஏற்பாடு மட்டுமே. நூறாண்டைக் கடந்த பொருள்கள் 1972 தொல்பொருள் சட்டத்துக்குள் வரும். விற்பது குற்றமாகலாம். மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்கும் தொல்லியல் துறைக்கும் எழுத்தில் தெரிவித்து, நகலில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். பொருள் போனாலும், படமும் கண்டெடுத்தவர் பெயரும் ஊரில் இருக்கும்.

எங்கள் கோயிலில் வேளாச் சுறாவின் கொம்பு (ரம்பம் போன்ற நீண்ட மூக்கு) இருக்கிறது. காட்சிக்கு வைக்கலாமா?

பொறுங்கள். வேளா மீன் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தில் உச்சப் பாதுகாப்புப் பட்டியலில் உள்ளது. ஆமை ஓடு, கடற்குதிரை, பவளம், கடலட்டை ஆகியவையும் அந்தச் சட்டத்தின் பாதுகாப்பில் உள்ளவை. எத்தனை தலைமுறைப் பழமையானாலும், வனத்துறையிடம் எழுதிக் கேட்காமல் இடம் மாற்றவோ, வாங்கவோ, காட்சியில் வைக்கவோ வேண்டாம். இருக்கும் இடத்திலேயே படமெடுத்து, நேர்ந்துகொண்டு கொடுத்த கதையைப் பதிவு செய்யுங்கள்.

கரையே அரித்துப் போகிறது. அதற்கும் மரபுக்கும் என்ன தொடர்பு?

நேரடியான தொடர்பு. கரைவலைக்குத் தடையில்லாத நீண்ட மணல் வேண்டும். அரிப்பைத் தடுக்கத் தூண்டில் வளைவு என்று கடலுக்குள் கல் கொட்டினால் அந்தப் பக்கம் கரைவலை போட முடியாது. சென்னைத் துறைமுகம் வந்தபின் தெற்கே மெரினாவில் மணல் சேர்ந்தது, வடக்கே ராயபுரம் முதல் கரை அரித்தது. மணல் வடக்கு நோக்கி நகரும் கரையில் எங்கே கல்லைப் போட்டாலும் வடக்கே உள்ள ஊர் விலை கொடுக்கும்.

ஆகவே வரைபடம் ஒன்று தயாரியுங்கள்: படகு நிறுத்தும் இடம், வலை உலர்த்தும் இடம், கருவாடு போடும் திடல், ஏலக்களம், கரைவலை இழுக்கும் பகுதி, கோயில் திருவிழாவுக்கான மணல். 2011 கடற்கரை ஒழுங்குமுறை அறிவிக்கை, மீனவ ஊர்களையும் அவர்களின் பொது இடங்களையும் கடற்கரை மேலாண்மை வரைபடங்களில் குறிக்கவேண்டும் என்றது. நீங்களே ஜிபிஎஸ் வைத்து நடந்து எடுத்த வரைபடம் கையில் இருந்தால், அரசு வரைபடத்தில் உங்கள் வலைத்திடல் காலி இடமாகக் காட்டப்படும்போது ஆட்சேபம் எழுதலாம். பார்களின் இடத்தை மறைக்கச் சொன்னோம். இந்த இடங்களை மட்டும் உரக்கச் சொல்லுங்கள்.

பதிவுகளை எங்கே வைப்பது?

மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சாதனங்களில், ஒன்று வேறு ஊரில். உப்புக் காற்றில் ஹார்டு டிஸ்க் சீக்கிரம் கெடும். காற்றுப்புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு வைத்து, ஆறு மாதத்துக்கு ஒருமுறை திறந்து ஓட்டிப் பாருங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பி வாங்கிய படத்தை மூலப்பிரதியாக வைக்காதீர்கள். தரமும் குறையும், எடுத்த நாள் விவரமும் போய்விடும். கோப்பின் பெயர் ஆண்டு, மாதம், நாள் என்று தொடங்கட்டும்.

வெளியே கொடுப்பதென்றால் பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியின் நாட்டார் வழக்காற்றியல் ஆய்வு மையம், தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தின் கடல்சார் வரலாற்றுத் துறை போன்ற இடங்களை அணுகிப் பாருங்கள். ஈழத்து ஊர்களுக்கு நூலகம் மின்னூலகம் இருக்கிறது. எங்கே கொடுத்தாலும் முழுப் பிரதி ஒன்று ஊரில் இருக்கவேண்டும் என்பதில் விட்டுக்கொடுக்காதீர்கள்.

யுனெஸ்கோ பட்டியலில் சேர்க்க முடியுமா?

ஊர் நேராக விண்ணப்பிக்க முடியாது, நாட்டின் அரசு வழியாகத்தான் போகும். இந்தப் பட்டியலுக்கு அடிப்படையான, வாழும் மரபுகளைக் காப்பதற்கான யுனெஸ்கோ உடன்படிக்கையில் இந்தியா 2005-இல் சேர்ந்தது. பல ஆண்டுகள் ஆகும் வேலை. விண்ணப்பத்துக்குச் சமூகத்தின் சம்மதம், பாதுகாப்புத் திட்டம், பதிவுகள் எல்லாம் தேவை. மேலே சொன்னவற்றைச் செய்து முடித்தால் அவை தாமாகவே கையில் இருக்கும்.

இளைஞர்களை எப்படி இதற்குள் கொண்டுவருவது?

சொற்பொழிவால் முடியாது, கடலில் இறக்கினால் முடியும். மூன்று மரக் கட்டுமரம் ஒன்று, கற்றுக்கொடுக்கும் பெரியவர் இருவர், வாரம் ஒரு காலை. கற்றுக்கொடுப்பவருக்கு அன்றைய கடல் வருமானத்துக்குக் குறையாமல் கூலி கொடுங்கள். மரியாதை என்பது அதிலும் இருக்கிறது. முதல் மாதம் கட்டுவதும் அவிழ்ப்பதும் மட்டும். இரண்டாம் மாதம் கழிமுகத்திலோ அலையடங்கிய நாளிலோ தொளவை போடுதல். அலைவாய் கடப்பது அதற்குப் பிறகுதான். பாய் கடைசியில். காற்றுக்குப் பக்கவாட்டில் மரம் ஒதுங்காமல் இருக்க அடைப்பலகையை எப்போது இறக்குவது, எப்போது தூக்குவது என்பதில்தான் பாயோட்டத்தின் பாதித் திறமை இருக்கிறது.

மீனவ வீட்டுப் பிள்ளையாகவே இருந்தாலும் உயிர்காப்புச் சட்டை கட்டாயம். பக்கத்தில் இன்ஜின் படகு ஒன்று நிற்கவேண்டும். வானிலை மையத்தின் எச்சரிக்கை இருக்கும் நாளில் மரத்தைத் தண்ணீரில் தள்ளவேண்டாம். அன்று கொட்டகையில் உட்கார்ந்து வலை பின்னக் கற்றுக்கொடுங்கள்.